வல்லாளனுக்கு மகன் இருந்தான்

தைப்பூசத்தன்று திருவண்ணாமலை ஈசானியக் குளத்தில் தீர்த்தவாரி முடிந்து கோயிலுக்குத் திரும்பும் அண்ணாமலையாருக்கு மேளம் கிடையாது. போகும்போது நாகசுரமும் தவிலும் உண்டு. வல்லாள மகாராஜன் போரில் மாண்டான் என்ற செய்தி அங்கே வந்து சேர்ந்ததாக ஐதீகம். துக்க வீட்டுக்காரர் மேளதாளத்தோடு வரலாமா? அடுத்த மாதம் மாசி மகத்தன்று சுவாமி பள்ளிகொண்டாப்பட்டு கௌதம நதிக்கரைக்கு எழுந்தருளுகிறார். அங்கே மகன் ஸ்தானத்தில் நின்று ராஜாவுக்குத் திதி கொடுக்கிறார். பிள்ளையில்லாத அரசனுக்குச் சிவபெருமானே பிள்ளையாக வந்த கதை இந்த வட்டாரத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

வரலாற்று வல்லாளனுக்கோ பிள்ளை இருந்தான். அவன் பெயர் விருபாட்சன். அப்பனுக்குப் பின் பட்டத்துக்கும் வந்தான். கல்வெட்டுகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. அப்படியிருக்க, கதையில் அந்த மகன் ஏன் இல்லாமல் போனான்? ஒரு வரலாறு பக்திக் கதையாக மாறும்போது எதைக் கழிக்கிறது, எதைச் சேர்க்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் கல்வெட்டு காட்டும் மனிதன். போசள அரசன் மூன்றாம் வீரவல்லாளன் 1292 வாக்கில் பட்டத்துக்கு வந்தான். தலைநகர் துவாரசமுத்திரம், இன்றைய ஹளேபீடு. அரை நூற்றாண்டு ஆண்டவனுக்கு நிம்மதியான காலம் கொஞ்சமே வாய்த்தது. 1311-இல் டில்லி சுல்தானின் தளபதி மாலிக் கபூரின் படை துவாரசமுத்திரத்தின் வாசலுக்கு வந்தது. அப்போது வல்லாளன் பாண்டிய நாட்டில் சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அடித்துக்கொண்டிருந்ததில் ஆதாயம் தேடித் தெற்கே போயிருந்தான். ஓடிவந்து பார்த்தால் தாக்குப்பிடிக்க வழியில்லை. யானையும் குதிரையும் பொன்னும் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டான். மகன் விருபாட்சன் டில்லிக்குப் போக வேண்டியதாயிற்று. 1313-இல் இளவரசன் பத்திரமாகத் திரும்பிய மகிழ்ச்சியைக் கன்னடக் கல்வெட்டு ஒன்று பதிவு செய்திருக்கிறது.

1327-இல் டில்லி சுல்தான் முகமது பின் துக்ளக்கின் படை வந்தபோது துவாரசமுத்திரம் மீண்டும் அடிபட்டது. அதற்கடுத்த ஆண்டிலிருந்து வல்லாளனின் கல்வெட்டுகளில் இன்னொரு ஊர் அடிக்கடி வருகிறது: உண்ணாமலைப் பட்டணம். அது திருவண்ணாமலையைத்தான் குறிக்கிறது. திருவண்ணாமலை அரசன் தங்கும் ஊரானது பக்தியால் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. மேற்கே செங்கம் கணவாயைக் கடந்தால் பாராமகால், அதற்கப்பால் கன்னட மேட்டுநிலம். கிழக்கும் தெற்கும் தமிழ்ச் சமவெளி. இரண்டு பக்கமும் நாடு வைத்திருந்தவன், இரண்டுக்கும் நடுவில் மலையை முதுகுக்கு வைத்து உட்கார்ந்தான். கோயிலுக்குள் ராஜகோபுரத்தைக் கடந்து வந்ததும் எதிரே நிற்பது அவன் பெயரைத் தாங்கிய வல்லாள கோபுரம். தலைமுறைகளாக அந்தப் பெயர் மாறவில்லை.

அவன் முடிவைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் விரிவான சாட்சி எதிர்த்தரப்பிலிருந்து வருகிறது. மொராக்கோப் பயணி இபன் பதூதா இலங்கையில் பாவா ஆதம் மலை பார்த்துவிட்டுக் கப்பலேறி, கடலில் கஷ்டப்பட்டு, அரபுகள் மாபார் என்றழைத்த தமிழ்க் கரையில் ஒதுங்கியவர். மதுரையை ஆண்ட சுல்தான் கியாசுத்தீன் அவருக்குச் சகலை. இருவரும் ஒரு வீட்டுப் பெண்களைக் கட்டியவர்கள். அந்த உறவில் கேட்டதும் கண்ணால் கண்டதுமாக அவர் எழுதிவைத்தது இது. எண்பது வயதைத் தாண்டிய வல்லாளன் லட்சம் பேருக்கு மேற்பட்ட படையோடு வந்தான். அதில் ஓடிவந்த அடிமைகளும் போக்கிரிகளுமான இருபதாயிரம் முஸ்லிம்களும் இருந்தார்கள். சுல்தானிடம் இருந்தது ஆறாயிரம் பேர். கண்ணனூர்க் கொப்பத்தை வல்லாளன் மாதக்கணக்கில் முற்றுகையிட்டான்.

கண்ணனூர் சமயபுரத்தை ஒட்டிய ஊர். வல்லாளனின் பாட்டன் சோமேசுவரன் தெற்கில் அமைத்த தலைநகரம். போசளீசுவரம் கோயில் இன்றும் அங்கே இருக்கிறது. கிழவன் பாட்டன் வீட்டை மீட்கப் போயிருக்கிறான். இந்தச் செய்தி இபன் பதூதாவுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. புராணக்காரருக்கும் அது தேவைப்படவில்லை.

கோட்டைக்குள் 14 நாள் சாப்பாடுதான் மிச்சம். சரணடைந்தால் உயிரோடு போகலாம் என்றான் வல்லாளன். சுல்தானைக் கேட்டுச் சொல்கிறோம் என்று அவகாசம் வாங்கினார்கள். கடிதம் மதுரைக்குப் போனது, வெள்ளிக்கிழமை மக்கள் முன் வாசிக்கப்பட்டது, கேட்டவர்கள் அழுதார்கள். புறப்பட்ட வீரர்கள் தலைப்பாகையை அவிழ்த்துக் குதிரையின் கழுத்தில் கட்டிக்கொண்டார்கள். சாகத் துணிந்தவர்கள் என்பதற்கு அதுதான் அடையாளம். அவர்கள் வந்து விழுந்த நேரம் உச்சிப்பொழுது. வல்லாளனின் பாளையம் உண்ட மயக்கத்தில் கிடந்தது; குதிரைகள் மேய்ச்சலுக்குப் போயிருந்தன. யாரோ திருடர்கள் என்று நினைத்து ஒழுங்கில்லாமல் எழுந்து வந்தவர்கள் சிதறினார்கள். குதிரையேறித் தப்பப் பார்த்த கிழவனைச் சுல்தானின் மருமகன் நசீருத்தீன் பிடித்தான். யாரென்று தெரியாமல் வெட்டப்போன கையை, இவர்தான் ராஜா என்று சொல்லி ஓர் அடிமை தடுத்தான். சுல்தான் முதலில் மரியாதை காட்டினான். பொன்னும் யானையும் குதிரையும் கறந்த பிறகு கொன்றான். தோலை உரித்து வைக்கோல் திணித்து மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டார்கள். தொங்கியதைத் தன் கண்ணால் பார்த்ததாக இபன் பதூதா எழுதுகிறார். ஆண்டு 1342.

இதே இபன் பதூதா சுல்தானின் கொடுமைகளைப் பார்த்துக் கூசியவர். கைதிகளையும் பெண்டு பிள்ளைகளையும் கொன்ற விதம் வெட்கக்கேடு என்றும், அதனால்தான் இறைவன் அவனைச் சீக்கிரம் அழைத்துக்கொண்டான் என்றும் அவர் தீர்ப்பு. சகலையின் வாயிலிருந்து வரும் அந்தத் தீர்ப்புக்காகவே அவர் சாட்சியத்தை நான் நம்புகிறேன். அவரும் நடந்ததை மதக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தார் என்பதையும் மறக்கக் கூடாது.

விருபாட்சன், நான்காம் வல்லாளனாக, 1343-இல் முடிசூடினான். மூன்றே ஆண்டுகளில் அவன் பெயர் கல்வெட்டுகளிலிருந்து மறைகிறது. 1346-இல் விஜயநகரத்தை நிறுவிய ஹரிஹரனும் தம்பிமார்களும் சிருங்கேரியில் கூடி வெற்றி விழா எடுக்கிறார்கள். போசள நாடு விஜயநகரமாகிவிட்டது. மூன்று நூற்றாண்டுக்கு மேல் ஆண்ட குலத்தின் கடைசிப் பக்கம் இவ்வளவுதான்.

இப்போது புராணத்துக்கு வருவோம். அருணாசல புராணத்தைப் பாடியவர் சைவ எல்லப்ப நாவலர். வல்லாளன் இறந்து இருநூறு ஆண்டுகளுக்கும் அதிகமான பிறகு, நாயக்கர் கால அளவில் வாழ்ந்தவர். அருணைக் கலம்பகமும் அருணை அந்தாதியும் அவர் செய்தவை. திருவாரூர்க் கோவை, திருச்சிராப்பள்ளிக்குரிய செவ்வந்திப் புராணம் ஆகியவையும் உண்டு. ஊர் ஊராகத் தலபுராணம் செய்து தரும் புலமைத் தொழிலில் அவர் கைதேர்ந்தவர். கோயில்காரர்கள் கேட்பதும் ஊர்க்காரர்கள் நம்புவதும் வடமொழி மாகாத்மியம் சொல்வதும் ஒரே நூலில் ஒத்துப்போக வேண்டும். எளிய வேலையல்ல.

அவருடைய வல்லாள மகாராசன் சருக்கத்தின் கதை இது. கேட்டவர்க்கு இல்லையென்னாத அரசன் வல்லாளன். மல்லமாதேவி, சல்லமாதேவி என்று இரண்டு மனைவியர். மடியில் வைக்கப் பிள்ளையில்லை. சிவன் சங்கமர், அதாவது ஊர் சுற்றும் வீரசைவத் துறவி, வேடத்தில் அடியார் கூட்டத்தோடு வருகிறார். இரவுக்கு ஒரு தாசி வேண்டும் என்கிறார். ஊரிலுள்ள தாசிகள் எல்லோரையும் சிவகணங்கள் முன்பே அமர்த்திக்கொண்டன. வாக்குக் கொடுத்த அரசன் திகைக்கிறான்; இளைய மனைவி சல்லமாதேவி போகச் சம்மதிக்கிறாள். உறங்குபவரை எழுப்பத் தொடுகிறாள்; தொட்ட உடல் பச்சைக் குழந்தையாகிறது. அரசன் ஓடிவந்து வாரியெடுக்கிறான், குழந்தை மறைகிறது. உனக்கு நானே பிள்ளை, உன் கடைசிக் கடனை நானே செய்வேன் என்று வாக்கு கிடைக்கிறது.

மனைவியைக் கொடைப்பொருளாக்கும் இடத்தில் இன்று படிப்பவருக்கு வயிறு எரியும், எரிய வேண்டியதுதான். ஆனால் இந்தச் சோதனை எல்லப்ப நாவலரின் கற்பனையில் பிறந்ததல்ல. பெரியபுராணத்தின் இயற்பகை நாயனாரிடம் வேதியர் வேடத்தில் வந்த சிவன் கேட்டதும் மனைவியைத்தான். சிறுத்தொண்டரிடம் கேட்டது பிள்ளைக்கறி. இதைவிட நெருங்கிய சொந்தம் கன்னடத்தில் இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டின் பசவண்ணர், சிவன் அடியாரிடம் கேட்டு வாங்கியவற்றைத் தம் வசனத்தில் வரிசைப்படுத்துகிறார்: தாசனின் துணி, சிரியாளனின் மகன், பல்லாளனின் மனைவி. சிரியாளன் நம் சிறுத்தொண்டர். அந்தப் பல்லாளன் சிந்து பல்லாளன் என்று வீரசைவர் கொண்டாடும் அரசன். பால்குரிகி சோமநாதரின் தெலுங்கு பசவ புராணமும் அவனை அறியும்.

ஆகவே, மூன்றாம் வல்லாளன் பிறப்பதற்கு நூறு ஆண்டுக்கு முன்பே, மனைவியைச் சிவனடியாருக்குக் கொடுத்த ஒரு பல்லாளன் கன்னடச் சைவர் நாவில் உலவினான். திருவண்ணாமலைக்குக் கன்னட அரசன் வந்தான். அவனோடு கன்னடப் படையும் குடிகளும் சங்கமர்களும் வந்திருப்பார்கள். அரசன் செத்தான், குலம் மறைந்தது, கோபுரம் நின்றது. அந்த வெற்றிடத்தில் பழைய பல்லாளனின் கதை புதிய வல்லாளன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது என்பது என் முடிவு. சிவன் சங்கமர் வேடத்தில் வருவதே அந்தக் கதையின் பிறந்த ஊரைக் காட்டிக்கொடுக்கிறது. தமிழ்ப் புராணத்தில் சிவன் கிழவேதியராக வருவதுதான் வழக்கம்.

ஆனால் ஒட்டியது முழுதாகப் பொருந்தவில்லை; பொருந்தாத இடத்தில்தான் தமிழ்நாட்டுப் பங்கு தெரிகிறது. சோதனையும் குழந்தையும் பழைய சைவச் சொத்து. கருமாதி செய்வேன் என்ற வாக்குக்கு மட்டும் திருவண்ணாமலையில் ஒரு தனிக் காரணம் இருந்தது. உடல் மதுரைச் சுவரில் தொங்கியது. நாட்டையே இழந்துகொண்டிருந்த மகன் எப்படிக் கருமம் செய்வான்? செய்திருந்தாலும், அவன் மறைந்த பிறகு வருஷாவருஷம் திதி கொடுக்கக் குலத்தில் ஆளில்லை. கோபுரம் கட்டிக் கொடுத்த ராஜாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க ஒருவரும் இல்லை என்ற உறுத்தல் ஊருக்கு இருந்திருக்கும். அந்த உறுத்தலை ஆற்ற விருபாட்சன் கதையிலிருந்து வெளியேற வேண்டியிருந்தது. மகன் இருந்து திதி நின்றுபோனால் அது அவமானம். மகனே இல்லை என்றால் தெய்வம் அந்த இடத்துக்கு வரலாம்.

விக்டோரியா அரசி காலத்து இங்கிலாந்தில், வரலாற்றைப் பக்திக் கதையாக்கும் கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்ய ஒரு நாவல் வகையே இருந்தது. பழைய காலத்து மதப் போராட்டத்தை எடுத்து, அதில் ஒரு குடும்பத்தை வைத்து, வாசகரின் விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சரித்திர நாவல். 1850-இல் ரோமன் கத்தோலிக்கச் சபை இங்கிலாந்தில் தன் மறைமாவட்டங்களை மீண்டும் அமைத்ததும் நாடே கொதித்தது. அந்தச் சூட்டில் ஆங்கிலிக்கப் பாதிரியார் சார்லஸ் கிங்ஸ்லி 1853-இல் ‘ஹைபேஷியா’வை வெளியிட்டார். ஐந்தாம் நூற்றாண்டு அலெக்சாந்திரியாவின் கதை. பழைய முகத்தோடு வந்த புதிய பகைவர் என்று பொருள்படும் துணைத்தலைப்பு. யாரைச் சொல்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். அடுத்த ஆண்டே கார்டினல் வைஸ்மன் ‘ஃபேபியோலா’ என்ற வேதசாட்சிகள் கதையைக் கொண்டுவந்தார். 1855-இல் நியூமனின் ‘கலிஸ்டா’.

இவர்களுக்குப் பின் வந்த எமிலி சாரா ஹோல்ட் (1836-1893) இன்று அநேகமாக மறக்கப்பட்டவர். லங்காஷயர்க்காரர், உறுதியான புராட்டஸ்டண்ட், இளையோருக்கென்று ஏறத்தாழ ஐம்பது புத்தகம் எழுதியவர். 1868-இல் வந்த ‘மிஸ்ட்ரஸ் மார்ஜரி’ லொல்லார்டுகளைப் பற்றியது. ரோமாபுரிச் சபையை எதிர்த்து, தாய்மொழியில் வேதம் படித்ததற்காக எரிக்கப்பட்டவர்களின் கூட்டம் அது. ஹோல்ட்டின் வேலையில் எனக்குப் பிடித்தது பின்னிணைப்பு. நாவல் முடிந்ததும் சரித்திரக் குறிப்பு வைத்து, வம்சாவளி, மணம், இறப்பு, எந்தப் பாத்திரம் நிஜம், எது கற்பனை என்று பிரித்துச் சொல்லிவிடுவார். கதைக்குள்ளே தயவுதாட்சண்யமில்லாத கட்சிக்காரி; பின்னிணைப்பில் கறாரான கணக்கப்பிள்ளை. நாவல் எழுத வருமுன்பே, 1861-இல் அரச குலப் பெண்களின் வரலாறுகளைத் தொகுத்து வெளியிட்டவர் அல்லவா!

எல்லப்ப நாவலர் அப்படிப் பின்னிணைப்பு வைத்திருந்தால் முதல் குறிப்பு, அரசனுக்கு விருபாட்சன் என்ற மகன் உண்டு என்பதாக இருந்திருக்கும். கதை அங்கேயே படுத்துவிடும். ஆனால் ஹோல்ட்டும் கிங்ஸ்லியும் செய்ய முடியாத ஒன்று திருவண்ணாமலையில் நடந்திருக்கிறது. அந்த நாவல்களுக்குப் பகைவன் இல்லாமல் ஓடத் தெரியாது. போப்பாண்டவரையோ அவர் ஆட்களையோ எடுத்துவிட்டால் லொல்லார்டு கதைகளில் பாதிப் பக்கம் காலி. இங்கே தோலை உரித்தவனுக்குத் திருவிழாவில் வேடமே இல்லை. தைப்பூசத்தன்று வருவது சாவுச் செய்தி மட்டும். கொன்றவன் மீது சாபமில்லை, பழிக்குப் பழியில்லை. ஊர் நினைவில் வைத்துக்கொள்ள விரும்பியது கருமத்தை. இதைப் பெருந்தன்மை என்று தூக்கிவைக்கத் தேவையில்லை. ஊரின் கவலை வேறு இடத்தில் இருந்தது, அவ்வளவுதான். இன்று வல்லாளனை மதச் சண்டைக் கொடியில் ஏற்ற விரும்புகிறவர்களுக்கு, அவன் படையில் இருந்த இருபதாயிரம் முஸ்லிம்களும் இடைஞ்சல், இந்தத் திருவிழாவும் இடைஞ்சல்.

பக்கத்திலேயே இன்னொரு வல்லாளன் இருக்கிறான். மேல்மலையனூர் அங்காளம்மன் வழிபாட்டு மரபில் வரும் வல்லாளராஜன் கொடுங்கோலன். மயானக் கொள்ளை நடக்கும் ஊர்களில் அவன் கோட்டையை அம்மன் அழிக்கும் கதை உண்டு. பெரியாச்சி என்ற அம்மன் மருத்துவச்சியாக வந்து, அவன் மனைவியின் வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுக்கிறாள். சிங்கப்பூர், மலேசியா வரை தமிழர் பெரியாச்சியைக் கும்பிடுவது அந்தக் கோலத்தில்தான். இந்த வல்லாளனையும் அருணை வல்லாளனையும் ஒரே ஆளாக்க நான் துணியமாட்டேன். ஆனால் ஒரு நாள் நடைதூரத்தில் ஒரே பெயருக்கு இரண்டு கதை. இரண்டிலும் நடுவில் இருப்பது ராஜாவின் பிள்ளை.

அருணை வல்லாளன் வழக்கின் சாட்சிகள் பெரும்பாலும் விக்டோரியா காலத்தில்தான் அச்சுக்கு வந்தன. இபன் பதூதாவின் சுருக்கத்தைச் சாமுவேல் லீ அதற்குச் சற்று முன்பே, 1829-இல், ஆங்கிலத்தில் தந்திருந்தார். முழு நூலும் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு 1853 முதல் 1858 வரை பாரிசில் வெளியானது. 1886 முதல் பி.எல். ரைஸ் மைசூர்ச் சீமைக் கல்வெட்டுகளைத் தொகுதி தொகுதியாக வெளியிடத் தொடங்கினார். விருபாட்சன் வெளிச்சத்துக்கு வந்தது அதனால். இவற்றைச் சேர்த்து வைத்து வல்லாளனின் கடைசி நாட்களை முறையாக எழுதியவர் சா. கிருஷ்ணசுவாமி அய்யங்கார், 1921-இல். அதே விக்டோரியா காலத்தில் தமிழில் நாவலும் பிறந்துவிட்டது. 1879-இல் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’. 1895-இல் முதல் தமிழ்ச் சரித்திர நாவலான ‘மோகனாங்கி’. அதை எழுதிய தி.த. சரவணமுத்துப் பிள்ளை திருகோணமலைக்காரர், சென்னை மாநிலக் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தவர். அவர் எடுத்துக்கொண்டது சொக்கநாத நாயக்கர் காலத்துக் காதலை. மதப் போராட்டத்தைத் தொடவில்லை. தமிழ்ச் சரித்திர நாவல் அரண்மனைக் காதலோடு தொடங்கியது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. பக்தியும் சரித்திரமும் கலந்த கதைக்கு இங்கே ஏற்கெனவே தலபுராணம் இருந்தது. அதைத் திருவிழாவாக நடத்திக்காட்டக் கோயில் இருந்தது. இங்கிலாந்தில் ஹோல்ட் புத்தகக் கடை வழியாகச் சிறுவர் கையில் சேர்த்ததை, தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்த திருவண்ணாமலைச் சிறுவன் மாசி மகக் கூட்டத்தில் அப்பன் தோளில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டான்.

வல்லாளனுக்குப் பின் அந்தக் கோயிலில் பணி செய்தவர்கள் பெரும் கைகள். கிருஷ்ணதேவராயர் தொடங்கித் தஞ்சைச் சேவப்ப நாயக்கர் முடித்த ராஜகோபுரம் பதினொரு நிலை, 217 அடி. வல்லாள கோபுரம் அதன் பின்னால் சிறியதாகத்தான் தெரிகிறது. ஆனாலும் விஜயநகரச் சக்கரவர்த்திக்குச் சுவாமி திதி கொடுப்பதில்லை. விஜயநகரத்துக்கு வாரிசுக்குப் பஞ்சமில்லை. ராயர் போனால் நாயக்கர், நாயக்கர் போனால் பாளையக்காரர் என்று யாராவது உரிமை கொண்டாட வந்தபடியே இருந்தார்கள். விருபாட்சனும் பத்துப் பதினைந்து வருஷம் தாக்குப்பிடித்து, அவனுக்கும் இரண்டு பிள்ளைகள் தலையெடுத்திருந்தால், எல்லப்ப நாவலருக்கு அந்தச் சருக்கம் எழுத வேண்டிய வேலையே வந்திருக்காது.